வடசென்னை வரலாற்றாய்வில் இணையவழிச் சான்றுகளின் நம்பகத்தன்மை

ஆய்வுச் சுருக்கம்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் வரலாற்றை ஆராய முற்படுவோர் இன்று முதலில் நாடுவது இணையத்தையே. மூல ஆவணங்களின் மின்படிகளும், பல கை மாறிப் படியெடுக்கப்பட்ட செய்திகளும் அங்கு ஒரே திரையில், ஒரே தோற்றத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை வடசென்னை சார்ந்த நான்கு எடுத்துக்காட்டுகளின் வழி ஆராய்கிறது. ஒரு செய்தியின் நம்பகத்தன்மையை அது வெளியான தளத்தின் பெயரோ, அது திரும்பத் திரும்பக் காணப்படும் எண்ணிக்கையோ உறுதி செய்வதில்லை. ஒவ்வொரு கூற்றும் எம்மூலத்திலிருந்து எவ்வழியாக வந்தது என்பதே உறுதி செய்கிறது என்னும் முடிவு இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை, இணையச் சான்றுகள், எம்டன், இராயபுரம் தொடர்வண்டி நிலையம், திருவொற்றியூர்க் கல்வெட்டு, எண்ணூர்க் கழிமுகம்

முன்னுரை

வடசென்னையின் வரலாறு ஓரிடத்தில் தொகுக்கப்பட்டதன்று. திருவொற்றியூர்க் கோயிற் சுவர்களிலும், தொடர்வண்டி நிறுவனத்தின் அறிக்கைகளிலும், துறைமுகக் குறிப்புகளிலும், பழைய நாளிதழ்களிலும், மீனவக் குப்பங்களின் நினைவுகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் கணிசமானவை இன்று மின்வடிவம் பெற்றுள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் முதலியவற்றின் துணையால், எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்கோ இலண்டனுக்கோ செல்ல இயலாத ஆய்வு மாணவரும் பல மூலங்களைக் காண முடிகிறது.

இவ்வசதியுடன் ஓர் இடரும் வந்து சேர்ந்துள்ளது. அச்சு நூலை எடுத்ததும் பதிப்பாசிரியர், பதிப்பாண்டு, பதிப்பகம் ஆகியன கண்ணில் படும். இணையத்தில் 1856ஆம் ஆண்டு அறிக்கையின் மின்படியும், அதனைப் பார்க்காமலேயே நேற்று எழுதப்பட்ட பதிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. பழைமையும் நெருக்கமும் பார்வைக்குத் தெரிவதில்லை. எனவே, எதனை எந்த அளவிற்கு நம்புவது என்னும் வினா வரலாற்று மாணவரின் முதற்பணியாகிறது.

ஐதிகமும் சுவடி ஒப்பீடும்

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அறிவைப் பெறும் வழிகளை வகைப்படுத்துகின்றான். அறிவுடையோர் நூலைக் கொண்டு ஒன்றைத் துணிவது ஆகமம் எனப்படுகிறது. ஒரு மரத்தில் பேய் உண்டு என ஊரார் கூறுவதைக் கொண்டு துணிவது ஐதிகம் எனத் தனியே வைக்கப்படுகிறது. பிறர் சொல்லைக் கேட்டு அறிதல் என்னும் பொதுத்தன்மை இரண்டிற்கும் உண்டு. ஆயினும் முன்னதில் சொன்னவர் யார் என்று காட்ட இயலும். பின்னதில் சொன்னவர் ஊரார் எனும் திரளுக்குள் மறைந்துவிடுகிறார். இணையத்தில் உலவும் உள்ளூர் வரலாற்றுச் செய்திகளுள் பல இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் இதே சிக்கலை வேறு வடிவில் எதிர்கொண்டனர். சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) முதலியவற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடிப் பெற்று, அவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். இத்தகைய ஒப்பீட்டின் அடிப்படை நெறி எளியது: ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுக்கப்பட்ட பத்துச் சுவடிகள் பத்துச் சான்றுகள் ஆகா, அவை ஒரு சான்றே. தாய்ச்சுவடியில் உள்ள பிழை பத்திலும் இருக்கும். பிழை ஒன்றுபோல் தொடர்வதே அவை ஒரு வழியில் வந்தவை என்பதற்கு அடையாளமாகும். இணையப் பக்கங்களை மதிப்பிடுவதற்கும் இந்நெறி முழுமையாகப் பொருந்தும்.

எம்டனும் செண்பகராமனும்

வடசென்னைத் துறைமுகப் பகுதியின் வரலாற்றில் 1914 செப்டம்பர் 22 மறக்க இயலாத நாள். அன்று இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையை நெருங்கி, ஏறத்தாழ அரைமணி நேரம் குண்டுமாரி பொழிந்தது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கலன்கள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அடுத்த நாள்களில் மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள நினைவுக்கல் இந்நிகழ்வுக்கு இன்றும் சான்றாக நிற்கிறது. கெட்டிக்காரரையும் கண்டிப்பானவரையும் ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கு அன்றைய அச்சத்தின் எச்சமாகும்.

இந்நிகழ்வு நடந்தது என்பதில் ஐயமில்லை. இணையத்தில் இதனுடன் பிணைந்து வரும் மற்றொரு செய்தியே ஆய்வுக்குரியது. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1891-இல் பிறந்த விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அன்றிரவு எம்டன் கப்பலில் இருந்தார் என்றும், அவரே சென்னையைத் தாக்க வழிகாட்டினார் என்றும் எண்ணற்ற பக்கங்கள் கூறுகின்றன. சிலவற்றில் அவர் கப்பலின் பொறியாளர், சிலவற்றில் மருத்துவர், வேறு சிலவற்றில் துணைத்தலைவர். எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இச்செய்தி ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டதாகவே தோன்றும்.

காலவரிசையை வைத்துப் பார்க்கும்போது இது நிற்பதில்லை. எம்டன் அன்று செருமானியர் வசமிருந்த சீனத் துறைமுகமான சிங்தாவிலிருந்து 1914 சூலை 31 அன்று புறப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் பசிபிக் பெருங்கடலின் பாகன் தீவில் செருமானியக் கீழைக் கப்பற்படையுடன் சேர்ந்து, பின்னர்த் தனியே பிரிந்து இந்தியப் பெருங்கடலை நோக்கி வந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வங்கக்கடலில் வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. அதே 1914-இல் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பன்னாட்டு இந்திய ஆதரவுக் குழுவின் தலைவராக இயங்கிக்கொண்டிருந்தார். பிரித்தானிய எதிர்ப்பு வெளியீடுகளைச் செருமனியில் அச்சிட இசைவு கேட்டுச் சூரிச்சில் இருந்த செருமானியத் தூதரை அவர் அணுகியது செப்டம்பர் மாதத்தில். அக்டோபரில் பெர்லின் சென்று, செருமானிய அயலுறவுத் துறையின் ஆதரவில் இயங்கிய இந்தியர்களுடன் இணைந்தார். செப்டம்பரில் சூரிச்சிலும் அக்டோபரில் பெர்லினிலும் இருந்த ஒருவர், இடையில் சென்னைக் கடலில் போர்க்கப்பலில் இருந்திருக்க வழியில்லை.

இங்கு மூலங்களை எடைபோடும் முறையும் கவனத்திற்குரியது. எம்டனின் முதல்நிலை அதிகாரியான ஹெல்முத் ஃபொன் முக்கே, கப்பலின் பயணத்தை 1915-இல் நூலாக வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1917-இல் வெளிவந்தது. அது மின்படியாகவும் கிடைக்கிறது. நேரில் கண்டவரின் கூற்று என்பதால் இது முதன்மைச் சான்று. ஆயினும் போர் நடந்துகொண்டிருந்தபோது தம் நாட்டவர்க்காக எழுதப்பட்ட நூல் என்பதால் வீரத்தை மிகைப்படுத்தும் போக்கினை எதிர்பார்க்க வேண்டும். மறுபுறம், அன்றைய சென்னை நாளிதழ்கள் பிரித்தானிய ஆட்சியின் போர்க்காலக் கட்டுப்பாட்டிற்குள் எழுதின. இழப்பைச் சிறிதாக்கிக் காட்டுவது அவற்றின் நலனுக்கு உகந்தது. இரு தரப்பும் எதிரெதிர் நலன் கொண்டவை. எனவே, இரண்டும் ஒத்துக்கூறும் நாள், இலக்கு, எரிந்த கலன்கள் போன்ற செய்திகள் உறுதியான நிலத்தில் நிற்கின்றன. சுடப்பட்ட குண்டுகள் 125 என்றும் 130 என்றும் பிற்கால நூல்கள் வேறுபடும் இடத்தில், துல்லியமான ஓர் எண்ணைத் தேர்ந்து எழுதுவதைவிட வேறுபாட்டையே பதிவு செய்தல் நேர்மையாகும்.

செண்பகராமன் பற்றிய செய்தி பொய் என்று ஒதுக்கிவிடுவதுடன் ஆய்வாளரின் கடமை முடிவதில்லை. பேரரசின் துறைமுகம் அரைமணி நேரத்தில் நடுங்கிய இரவில் தம்மவர் ஒருவர் அங்கிருந்திருக்க வேண்டும் என்னும் விழைவு இக்கதையில் பதிந்துள்ளது. 1914-இல் நடந்ததற்கு இக்கதை சான்றாகாது. பிற்காலத் தமிழர் அந்நிகழ்வை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பதற்கு இதுவே முதன்மைச் சான்று. ஒரே பக்கம் ஒரு வினாவுக்கு நம்பத்தகாததாகவும் மற்றொரு வினாவுக்கு நம்பத்தக்கதாகவும் அமையலாம். அதே வேளையில் இக்கதைக்கு ஒரு விலையும் உண்டு. அங்கில்லாத வீரரின் பெயர் எங்கும் பரவியிருக்க, அன்று துறைமுகத்தில் உயிரிழந்தோரின் பெயர்கள் இப்பக்கங்களில் இடம்பெறுவது அரிது. தேடல் கதையோடு நின்றுவிடுவதால் அவர்களைத் தேடும் வேலை தொடங்கப்படாமலேயே போகிறது.

இராயபுரம்: உதிர்ந்துபோன அடைமொழிகள்

எம்டன் செய்தியில் சேர்க்கை நிகழ்ந்தது. இராயபுரம் தொடர்வண்டி நிலையம் பற்றிய செய்திகளில் நிகழ்ந்திருப்பது நீக்கம். 1856 சூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இந்நிலையத்தைத் திறந்துவைத்தார். சூலை 1 முதல் மக்களுக்கான போக்குவரத்து தொடங்கியது. இந்தியாவில் பயணிகள் தொடர்வண்டி 1853-இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே, 1854-இல் ஹௌராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையே ஓடத் தொடங்கியிருந்தது. அவ்விரு பாதைகளின் தொடக்கக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே, இராயபுரம் நிலையம் இந்தியாவில் இன்றும் பயன்பாட்டிலுள்ள மிகப் பழைய தொடர்வண்டி நிலையக் கட்டடம் என்று கூறப்படுகிறது.

இத்தொடரின் பொருள் ‘இன்றும் பயன்பாட்டிலுள்ள’, ‘கட்டடம்’ என்னும் இரு சொற்களில் தங்கியுள்ளது. படியெடுக்கும்போது முதலில் உதிர்வனவும் இவையே. ‘இந்தியாவின் மிகப் பழைய நிலையம்’ என்றும், பின் ‘இந்தியாவின் முதல் நிலையம்’ என்றும் கூற்று சுருங்கிப் பொய்யாகிறது. ‘தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை’ என்னும் கூற்றும் இவ்வாறே. செங்குன்றம் பகுதியிலிருந்து கல் கொண்டுவர 1837-இலேயே இருப்புப்பாதை அமைக்கப்பட்டிருந்தது. 1856-க்குரிய பெருமை பயணிகள் போக்குவரத்தைச் சார்ந்தது. எவரும் திட்டமிட்டுப் பொய் கூறாமலேயே, சொல் குறைவதால் மட்டும் வரலாறு திரிவதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

முரண்பாடு எல்லாம் பிழையாகாது என்பதையும் இப்பாதை உணர்த்துகிறது. முதல் வண்டி சென்று சேர்ந்த இடம் சில பக்கங்களில் ஆற்காடு. சிலவற்றில் வாலாஜா சாலை. ஆற்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் உள்ளது. பாதையோ ஆற்றைக் கடக்காமல் வடகரையில் வாலாஜாப்பேட்டைப் பக்கமாகச் சென்றது. புகழ்பெற்ற அண்டை நகரின் பெயரால் பாதையின் முனையைச் சுட்டியதால் ஒரே இடம் இரு பெயர் பெற்றது. நிலவியலைப் பாராமல் ஒன்றைப் பிழை எனத் தள்ளியிருந்தால், அக்காலத்து வழக்கு ஒன்றை இழந்திருப்போம்.

காலக் கணக்கிலும் இத்தகைய கவனம் தேவை. மின்படியாகக் கிடைக்கும் பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரே ஆண்டாகத் தரப்பட்டிருக்கும். நள ஆண்டு என்பது 1856-57 ஆகவும் 1916-17 ஆகவும் இருக்கலாம். பட்டியலிட்டவர் தவறான சுழற்சியைக் கொண்டுவிட்டால் நூலின் காலம் அறுபது ஆண்டுகள் நகர்ந்துவிடும். தாள், அச்சகப் பெயர், நூலில் குறிக்கப்படும் நிகழ்வுகள் ஆகியவற்றால் இதனைச் சரிபார்க்க வேண்டும். இணையப் பட்டியலில் உள்ள ஆண்டு மட்டும் போதாது.

திருவொற்றியூர்: கல்வெட்டும் கருதலும்

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிற் கல்வெட்டுகள் சான்றின் அடுக்குகளைப் பிரித்துக் காண உதவுகின்றன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று சதுரானன பண்டிதர் என்னும் துறவியைக் குறிப்பிடுகிறது. கேரளத்தில் பிறந்த இவர் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு நெருக்கமானவராயிருந்தார், அவன் தக்கோலப் போரில் (கி.பி. 949) மாண்டபோது உடனிருக்க இயலாத வருத்தத்தால் துறவு பூண்டு ஒற்றியூரில் தங்கினார் என்பது அதன் செய்தி.

இராசாதித்தனின் படைத்தலைவனாக வெள்ளன் குமரன் என்னும் கேரளத்தானைக் கிராமம் என்னும் ஊர்க் கல்வெட்டு குறிப்பிடுகிறது. இருவரும் ஒருவரே என ஆய்வாளர் சிலர் கருதினர். கல்வெட்டு உரைப்பது ஒன்று. இரு கல்வெட்டுகளை இணைத்து ஆய்வாளர் கருதுவது மற்றொன்று. அச்சிட்ட ஆய்வுரையில் ‘கருதலாம்’ என்று நின்றது, இணையச் சுருக்கத்தில் ‘கல்வெட்டு கூறுகிறது’ என்று மாறிவிடுகிறது. காண்டலுக்கும் கருதலுக்கும் இடையிலான எல்லை அழிகிறது. கல்வெட்டு மூலப்பாடம், ஆண்டறிக்கைச் சுருக்கம், ஆய்வாளரின் விளக்கம், அவ்விளக்கத்தின் மறுசுருக்கம் என நான்கு அடுக்குகள் உள்ளன. மேற்கோள் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பிடாத கட்டுரை, படிப்பவரை அறியாமலேயே தவறான வழியில் செலுத்திவிடும்.

எண்ணூர்: இரு வரைபடங்கள்

மேற்கண்ட மூன்றிலும் மூல ஆவணம் வரை சென்றால் தெளிவு பிறக்கிறது. மூல ஆவணமே இரண்டாகக் கிடைத்தால் என் செய்வது என்னும் வினாவை எண்ணூர் எழுப்புகிறது. 1991-இல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்கீழ்த் தமிழ்நாட்டுக்கான மேலாண்மைத் திட்டம் 1996-இல் ஒன்றிய அரசின் ஒப்புதலைப் பெற்றது. அதற்குரிய வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு பாதுகாப்புக்குரியதாகக் காட்டப்பட்டிருந்தது. 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கிடைத்த மற்றொரு வரைபடத்தில் அந்நீர்ப்பரப்பின் பெரும்பகுதி அவ்வாறு காணப்படவில்லை. இம்முரண்பாட்டை மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பொதுவெளிக்குக் கொணர்ந்தனர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் சென்றது.

இரண்டும் அரசு ஆவணங்களே. ஆகவே, ‘அரசுத் தளத்தில் உள்ளது நம்பத்தக்கது’ என்னும் எளிய விதி இங்குப் பயன்படுவதில்லை. எவ்வதிகாரி, எந்நாளில், எந்த அளவாய்வின் அடிப்படையில், யாருடைய ஒப்புதலுடன் வரைந்தார் என்னும் வினாக்களே பயன்படுகின்றன. அவற்றுடன் தொடர்பற்ற வேறு சான்றுகளையும் ஒப்பிடலாம். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களும், 1972 முதல் எடுக்கப்பட்டு இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் அத்தகையவை. அவற்றிலும் மழைக்காலப் படத்தைக் கோடைக்காலப் படத்துடன் ஒப்பிட்டு நீர்ப்பரப்பு சுருங்கியது எனக் கூறுவது பிழையாகும். கழிமுகத்தில் தலைமுறைகளாக இறால் பிடித்தோரின் வாய்மொழியும் இங்குச் சான்றே. எவ்வாய்க்கால் எப்போது அடைபட்டது என்பதை வரைபடம் வரைந்தவரைவிட அவர்கள் அண்மையிலிருந்து கண்டவர்கள். சான்றின் நம்பகத்தன்மை என்பது ஏட்டளவிலான வினா அன்று என்பதை எண்ணூர் காட்டுகிறது. எவ்வரைபடம் ஏற்கப்படுகிறதோ அதனைப் பொறுத்தே ஒரு நீர்நிலையும் அதனை நம்பிய வாழ்வும் சட்டத்தின் கண்ணில் இருக்கின்றன அல்லது இல்லாமற் போகின்றன.

ஆய்வாளர் பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

1. தளத்தை மதிப்பிடுவதற்கு முன் கூற்றை மதிப்பிடுக. ஒரே பக்கத்தில் எம்டன் தாக்கிய நாள் சரியாகவும், கப்பலில் இருந்தவர் பெயர் தவறாகவும் இருக்கலாம்.

2. ஒரு செய்தி பல இடங்களில் காணப்படின் அவற்றின் சொல்லமைப்பையும் பிழைகளையும் ஒப்பிடுக. ஒத்த பிழை ஒரே மூலத்தைக் காட்டும்.

3. ஆட்களும் கப்பல்களும் எந்நாளில் எங்கிருந்தன என்று காலவரிசையை அமைத்துப் பார்க்க.

4. ‘முதல்’, ‘மிகப் பழைய’ போன்ற சொற்களின் முன் எவ்வரையறை இருந்தது என்று மூலத்தில் தேடுக.

5. ஆவணம் உரைப்பதையும் ஆய்வாளர் கருதுவதையும் தனித்தனியே குறிப்பிடுக.

6. மேற்கோள் காட்டும் பக்கத்தின் படியைப் பார்த்த நாளுடன் சேமித்து வைக்க. இணையப் பக்கம் மாறக்கூடியது, நீங்கிவிடவும் கூடியது.

விக்கிப்பீடியா போன்ற பொதுக் கலைக்களஞ்சியங்களை முற்றாக விலக்க வேண்டியதில்லை. ஒரு வரி எப்போது, எச்சான்றுடன் சேர்க்கப்பட்டது என்பதை அவற்றின் தொகுப்பு வரலாறு காட்டுகிறது. மூலத்தை நோக்கிச் செல்லும் வழியாக அவற்றைக் கொள்ளலாம். அங்கேயே தங்கிவிடுதல் ஆகாது.

முடிவுரை

எம்டன் செய்தியில் காலவரிசையும், இராயபுரத்தில் அடைமொழியும், திருவொற்றியூரில் சான்றின் அடுக்கும், எண்ணூரில் ஆவணத்தின் பிறப்பும் தீர்ப்பை முடிவு செய்தன. நான்கிலும் பொதுவாக அமைந்தது ஒன்றே: செய்தி கடந்து வந்த வழியைப் பின்னோக்கி நடந்து பார்த்தல். இணையம் இவ்வழியை மறைக்கவும் செய்கிறது. மூலங்களை மேசைக்கே கொண்டுவந்து அதனைத் திறக்கவும் செய்கிறது.

தொழிலாளரும் மீனவரும் மிகுதியாக வாழும் வடசென்னைக்குத் தன்னைப் பற்றிய எழுத்து குறைவு. எழுத்து குறைந்த இடத்தில் ஒரு பிழை எளிதில் முழு வரலாறாகிவிடும். அங்கில்லாதவரைக் கப்பலில் ஏற்றும் கதையும், இருக்கும் நீர்ப்பரப்பை இல்லையாக்கும் வரைபடமும் நோக்கத்தால் வேறுபட்டவை. ஆயினும் இரண்டும் உண்மையில் அங்கிருந்தோரையே மறைக்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தில் உயிரிழந்தோரின் பெயர்களை அன்றைய நாளிதழ்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.